வயிற்றுக்குள் வைக்கும் வலை

தோட்டத்துப் பெண்களிடம் சொல்லக்கூடிய நோய், சொல்லக்கூடாத நோய் என்று இரண்டு வகை இருக்கின்றன. காய்ச்சல், சளி, அட்டை கடித்த புண் என்றால் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொல்வார்கள். வெள்ளைபடுதல், கர்ப்பப்பை இறக்கம், அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ தோன்றும் வீக்கம் போன்றவை சேலைக்குள்ளேயே இருந்துவிடும். அதிலும் குடலிறக்கம் என்பது ஆண்களுக்கு வருகிற நோய் என்ற எண்ணம் எம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. "பொம்பளைக்கு ஏது ஹேர்னியா?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டவர்கள் பலர்.

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பதினொரு வருடங்களாகச் சமூகப் பணி செய்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது டால்கொட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர் 1951இல் எழுதிய 'நோயாளி வகிபாகம்' பற்றிய பாடம் இருந்தது. ஒருவரை நோயாளி என்று சமூகம் ஏற்றுக்கொண்டால் அவருக்குக் கடமைகளிலிருந்து விடுப்புக் கிடைக்கும், அவரும் வைத்தியரை நாட வேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தேன். அந்த வகிபாகம் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இலகுவில் கொடுக்கப்படுவதில்லை என்பது வேலைக்கு வந்த பின்னர்தான் விளங்கியது. அவள் படுத்தால் அன்றைய பேர் விழாது. தண்ணீர் எடுக்கவும் விறகு பொறுக்கவும் வேறு ஆளும் இல்லை.

நான் சொல்லப்போகும் அக்காவுக்கு 46 வயது. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தச் சிசேரியன் தழும்பின் ஓரத்தில் சில வருடங்களுக்குப் பிறகு கொய்யாப்பழம் அளவில் ஒரு வீக்கம் தோன்றியது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். பழைய சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டி, அதன் மேல் படங்கையும் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து கேட்கிறார்கள். மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் இன்னும் கூடும். அதைத் தலையில் மாட்டிய கயிற்றோடு முதுகில் சுமந்து, சரிவில் இறங்கி, நிறுவைக்கு வர வேண்டும். லயத்துக்குத் திரும்பினால் விறகடுப்புப் புகையில் இருமல். இந்த இருமல், பாரம் தூக்குதல், மலச்சிக்கல், அடுத்தடுத்த பிரசவம் எல்லாமே வயிற்றுச் சுவரை உள்ளிருந்து தள்ளுகிற காரியங்கள்.

குடலிறக்கம் என்றால் என்ன என்பதை வைத்தியர் ஒருவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். கிழிந்த சாக்கிலே கொழுந்து பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றின் தசைச் சுவரில் நலிந்த இடமோ ஓட்டையோ இருந்தால் உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியே பிதுங்குகிறது. தொப்புளில் வரலாம், தொடை இடுக்கில் வரலாம், பழைய வெட்டுத் தழும்பிலும் வரலாம். தொடை இடுக்கில் கவட்டுக்குச் சற்றுக் கீழே வரும் ஒரு வகை ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த வகையில் குடல் நெரிபடும் ஆபத்தும் அதிகம். உள்ளே தள்ளினால் போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென்று போகாமல், கல்லுப்போல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், அல்லது மலமும் வாயுவும் நின்றுபோனால், அது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நிலைமை. அடுத்த நாள் காலைப் பெரட்டு வரைக்கும் பார்த்திருக்க முடியாது. குடலுக்கு இரத்தம் போவது தடைப்பட்டால் அந்தப் பகுதி அழுகிவிடும்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கு இது தோட்டத்துக் கதையாக மட்டும் தோன்றக்கூடாது. என் சின்னம்மாவின் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மஸ்கெலியாவை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. அங்கேதான் என் தங்கை பிறந்து வளர்ந்தாள். 2009இல் மாத்தளனில் ஷெல் துண்டு அவளுடைய வயிற்றைக் கிழித்தது. அங்கிருந்த தற்காலிக வைத்தியசாலையில் குடலைத் தைத்து, பிறகு கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். காயம் சீழ் பிடித்து, திறந்தபடியே கிடந்து, மாதக் கணக்கில் ஆறியது. இப்போது அந்த நீண்ட தழும்பு முழுவதும் உப்பியிருக்கிறது. பஸ்ஸில் போனால் கர்ப்பிணி என்று நினைத்து இடம் கொடுக்கிறார்களாம். கணவனைப் பறிகொடுத்தவள் அவள். அந்த இடத்தில் உட்காருவதைவிட நின்றுகொண்டே போவது மேல் என்கிறாள். உயிர் தப்பியதே பெரிது, இதற்கெல்லாம் வைத்தியரிடம் போவதா என்று இத்தனை வருடம் இருந்துவிட்டாள். வயிற்றில் இப்படியான தழும்புள்ள பெண்கள் எத்தனை பேர் எமது கிராமங்களில் இருக்கிறார்கள் என்று வாசகிகளுக்கே தெரியும்.

அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். வீக்கம் தேங்காய்ப் பாதி அளவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்கு முதல் தடவை தனியாகப் போனவர் கலங்கிப்போய்த் திரும்பினார். "மிஸ், வயித்துக்குள்ள எண்ணெய் ஊத்தித் தைக்கப் போறாங்களாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கிளினிக் கொப்பியைப் பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது. சிங்களத்தில் வலைக்கு 'தெல' என்று சொல்வார்கள். எண்ணெய்க்கு 'தெல்'. வலை வைக்கப்போகிறோம் என்று அவசரத்தில் சொன்னது அக்காவின் காதில் எண்ணெயாக விழுந்திருக்கிறது. லயத்தில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை. 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தன் வயிற்றுக்குள் என்ன வைக்கப்படுகிறது என்பதைத் தன் மொழியில் கேட்டறிவது ஒரு பெண்ணின் உரிமை. சம்மதப் படிவத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கும் முன்னர் அதைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

எண்ணெய் வலையாகிவிட்டாலும் பயம் போகவில்லை. 'உள்ளே எதையோ வைக்கிறார்கள், எதையோ எடுக்கிறார்கள்' என்ற சந்தேகம் தோட்டங்களில் சும்மா வந்ததல்ல. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியது. எந்த விளக்கமும் இல்லாமல் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று எங்கள் தாய்மார் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஞாபகம் உள்ள ஒரு சமூகத்தில் 'வலை' என்ற சொல்லை யாரும் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையில் கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மூத்த மகள் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் விசாரித்த ஒரு தனியார் இடத்தில் இரண்டு விதமான வலை உண்டு என்று சொன்னார்களாம். ஒன்று பிளாஸ்டிக், மற்றது மிருகத்தின் தோலில் செய்தது. தோலில் செய்ததுதான் 'இயற்கையானது', உடம்போடு கலந்துவிடும், பிளாஸ்டிக்கைப்போல் கெடுதல் செய்யாது, ஆனால் அந்த வலைக்கு மட்டும் பல இலட்சம் முடியும் என்றார்களாம். அம்மாவுக்கு மட்டமானதை வைக்கக்கூடாது என்று அவள் அழுதாள். தாலிக்கொடியை அடகு வைப்பது, மிச்சத்துக்கு நுண்கடன் எடுப்பது என்று வீட்டில் பேச்சு நடந்தது. நுண்கடன் வாராவாரம் வாசலுக்கு வந்து என்ன செய்யும் என்பதை வன்னிச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் கவலையோ வேறு. "என்னா தோலு? பன்னியா, மாடா?" என்று கேட்டார். இரண்டிலும் உண்டு என்றேன். சற்று யோசித்துவிட்டு, "பன்னிக்கறி தின்னுறோம், இல்லேங்கல. ஆனா அத வயித்துல தச்சுக்கிட்டுத் தீ மிதிக்கலாமா, மிஸ்?" என்றார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற பெண் அவர். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடும். எனக்கு அது மிக நியாயமான கேள்வியாகப்பட்டது. கிளினிக்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஹட்டன் நகரத்து முஸ்லிம் தாயும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி அவருடையதாகத்தான் இருந்தது.

இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமைசாலி. துண்டுக் கடதாசியில் படம் கீறி விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். பிறகு வீட்டில் இருந்து தேடி வாசித்தேன். அவர் சொன்னதையும் வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தசையை இழுத்து நூலால் மட்டும் தைத்தால் அந்தத் தையல் இழுபட்டுத் திரும்ப ஓட்டை விழுவதுண்டு. வெட்டுத் தழும்பில் வரும் குடலிறக்கம் பற்றி நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வின் பத்து வருட முடிவு 2004இல் வெளியானது. வெறும் தையல் போட்டவர்களில் 63 சதவீதமானோருக்கும் வலை வைத்தவர்களில் 32 சதவீதமானோருக்கும் திரும்ப வந்திருந்தது. வலை வைத்தாலும் திரும்ப வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வித்தியாசம் பெரியது. வழமையாக வைப்பது பொலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழையால் பின்னிய வலை. பிரான்சிஸ் அஷர் என்ற அமெரிக்க வைத்தியர் 1950களின் கடைசியில் இந்த வகையைப் பாவனைக்குக் கொண்டுவந்தார். வலையின் கண்களுக்குள் எமது உடம்பின் திசு வளர்ந்து, கொங்கிறீட்டுக்குள் கம்பி இருப்பதைப்போல் சுவரைப் பலப்படுத்துகிறது. அது கரையாது, ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். உலகம் முழுவதும் பணக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் வைக்கிற வலை இதுதான்.

மற்றது உயிரியல் வலை. பன்றியின் தோல், பன்றியின் சிறுகுடல், மாட்டின் தோல், மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வு, தானமாகக் கிடைத்த இறந்த மனிதரின் தோல் ஆகியவற்றில் செய்கிறார்கள். உயிரணுக்களை எல்லாம் கழுவி நீக்கிவிட்டு, கொலாஜன் என்ற நார்ச்சட்டத்தை மட்டும் மிஞ்ச விடுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் நோயாளியின் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் புகுந்து, காலப்போக்கில் அதைச் சொந்தத் திசுவாக மாற்றிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. குடல் கிழிந்து அழுக்குப் பரவிய வயிற்றிலும் சீழ் பிடித்த காயத்திலும் செயற்கை வலை கிருமிகளுக்கு இருப்பிடமாகிவிடும், இது தாக்குப்பிடிக்கும் என்று நம்பித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். என் தங்கையின் ஷெல் காயத்தைப் போன்ற வயிறுகளை மனதில் வைத்தே செய்ததுபோல் இருக்கிறது.

இந்த நம்பிக்கையை அமெரிக்காவில் நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தார்கள். அழுக்குப்பட்ட வயிற்றில் குடலிறக்கம் திருத்த வேண்டியிருந்த 253 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் செயற்கை வலையும் மறு பகுதிக்குப் பன்றித் தோல் வலையும் வைத்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. இரண்டு வருடத்தில் செயற்கை வலை வைத்தவர்களில் 5.6 சதவீதமானோருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது. உயிரியல் வலை வைத்தவர்களில் 20.5 சதவீதமானோருக்கு வந்தது. அதை வைத்ததால் காயச் சிக்கல் குறைந்ததாகவும் காணப்படவில்லை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். செயற்கை வலையின் இடைநிலை விலை 105 டொலர், மற்றது 21,539 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 64 இலட்சம் ரூபாவுக்கு மேல். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 300 பேர் விழுந்தாலும் ஒரு வலைக்கு ஏறத்தாழ 16 வருடம் கொழுந்து பறிக்க வேண்டும். அமெரிக்க விலை இங்கே அப்படியே வராது என்பது உண்மை. ஆனாலும் 'விலை கூடியது நல்லது' என்ற எமது பழைய எண்ணத்தை இதைவிடப் பலமாக உடைக்கும் கணக்கை நான் பார்த்ததில்லை.

விலை குறைந்த பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சா என்ற சிற்றூரில் வேலை செய்த ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற கிராமத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர், கம்பனி வலை வாங்க முடியாத நோயாளிகளுக்கு நுளம்பு வலைத் துணியையே வெட்டி, கிருமி நீக்கி வைத்துத் தைக்கலாமா என்று ஆராய்ந்தார். அந்தத் துணியும் கிட்டத்தட்ட அதே செயற்கை இழைதான். அவரும் வேறு சில வைத்தியர்களும் சேர்ந்து செய்த வேலை 2003இல் இந்தியச் சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் வெளிவந்தது. பிறகு உகண்டாவில் கம்பனி வலையையும் நுளம்பு வலையையும் ஒப்பிட்டு, 302 பேரில் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு வருடத்தில் நுளம்பு வலை வைத்தவர்களில் ஒரேயொருவருக்கு மட்டுமே திரும்ப வந்தது, கம்பனி வலை வைத்தவர்களில் எவருக்கும் வரவில்லை. 302 பேரும் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிகளில் பெண்களின் வயிறு கடைசியாகத்தான் வரிசையில் நிற்கிறது. மெனிக் பாம் கூடாரங்களில் நுளம்பு வலைக்குள் படுத்தெழும்பிய சகோதரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வைத்தது மருந்து தோய்க்காத துணி, முறையாகக் கிருமி நீக்கியது. வீட்டில் கட்டுகிற மருந்து வலையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

பன்றி, மாடு பற்றிய கேள்விக்கு வைத்தியர் சொன்ன பதில் அக்காவுக்கு நிம்மதி தந்தது. உங்களுக்கு வைக்கப்போவது முழுக்கச் செயற்கை இழை, அதில் எந்த மிருகமும் இல்லை என்றார். முஸ்லிம் தாய்க்கும் அதே பதில்தான். ஆனால் மிருகப் பொருட்கள் வைத்தியத்தில் புதிதல்ல என்றும் அவர் சொன்னார். முன்பு பிரசவத் தையலுக்குப் பாவித்த 'கட்கட்' என்ற கரையும் நூல் ஆட்டின் அல்லது மாட்டின் குடலில் செய்தது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின் ஊசிமருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது இப்படியானவற்றை ஏற்கலாம் என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள், ஆயினும் தன் மௌலவியிடம் கேட்டுத் தெளிவது அவரவர் விருப்பம். கேட்டுத் தெளிவதற்கு முதலில் வைத்தியர் சொல்ல வேண்டுமே! உயிரியல் வலை வைப்பதானால் எந்த உயிரினத்திலிருந்து என்பதைக் கேட்காமலே சொல்வது வைத்தியரின் கடமை.

மனிதத் திசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் தானத்துக்குப் பேர்போன டொக்டர் ஹட்சன் சில்வாவின் முயற்சியால் 1990களில் கொழும்பில் மனித திசு வங்கி ஒன்றும் உருவானது. பிரசவத்தின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வைக் கழுவி, கதிர்வீச்சால் கிருமி நீக்கிப் புண்களுக்குப் போர்வையாகக் கொடுக்கும் வேலை இப்படியான வங்கிகளில் நடக்கிறது. குழந்தையைச் சுற்றியிருந்த சவ்வு எரிகாயத்துக்கு மருந்தாகிறது என்று சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த ஆச்சரியத்தை மறக்க முடியாது. "எங்க புள்ள கொடியெல்லாம் வீணா மண்ணுக்குள்ளல்ல போச்சு" என்றார்.

உயிரியல் வலை யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடும் கிருமித் தொற்று, முன்பு வைத்த வலையை எடுக்க வேண்டிய நிலை போன்ற சில சிக்கலான சந்தர்ப்பங்களில் நிபுணர்கள் அதைத் தெரிவு செய்வதுண்டு. அந்த முடிவு அவரவர் வயிற்றைப் பார்த்து எடுப்பது. 'இயற்கை' என்ற ஒரு சொல்லுக்காகத் தாலிக்கொடி அடகுக்குப் போவதைத்தான் மறுக்கிறேன். இன்னொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். கர்ப்பப்பை இறக்கத்துக்காக யோனி வழியே வைத்த வலைகளால் வெளிநாடுகளில் ஏராளமான பெண்கள் தீராத வலிக்கு ஆளானார்கள். இங்கிலாந்தில் 2018இல் அதை இடைநிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2019இல் அவ்வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். 2020இல் இங்கிலாந்தில் வெளியான விசாரணை அறிக்கை, பெண்கள் சொன்ன வலியை வருடக்கணக்கில் யாரும் காதில் வாங்கவில்லை என்று குற்றம் சாட்டியது. வயிற்றுச் சுவரில் வைக்கும் வலை வேறு இடம், வேறு கணக்கு. ஆனாலும் இதிலும் கிருமித் தொற்று வரலாம், வலி நீடிக்கலாம். அதையும் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

அக்காவுக்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே சத்திரசிகிச்சை நடந்தது. எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தார்கள். சாமான் முடிந்து வெளியே வாங்கி வரச் சொன்னால், எந்த வகை, என்ன அளவு, சாதாரண வலை போதுமா என்று எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. எமது பகுதியில் 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையும், நெதர்லாந்து உதவியுடன் புதிதாகக் கட்டிய நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. முன்பெல்லாம் கண்டிக்கே ஓட வேண்டியிருந்தது.

உண்மையான போராட்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். வலையை எதில் செய்திருந்தாலும் ஆறாத தையலில் 20 கிலோவைச் சுமந்தால் பிய்ந்துதான் போகும். கணக்கப்பிள்ளை கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெளியில ஒண்ணும் தெரியலியே" என்றார். தோட்டத் தலைவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசினோம். துரையிடம் கடிதம் கொடுத்து, அக்காவைச் சில மாதங்களுக்குப் பிள்ளைக் காம்பராவில் உதவிக்குப் போட ஏற்பாடானது. குழந்தைகளைத் தூக்கக்கூடாது என்பதை அங்கேயும் போய்த் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. விறகுக்கு மகன் போனான். கணவர் முதல் வாரம் தண்ணீர் எடுத்தார், இரண்டாம் வாரம் முணுமுணுத்தார், மூன்றாம் வாரம் பீலிக்கரையில் மற்ற ஆண்கள் கேலி செய்தபோது அவர்களோடு சண்டைக்குப் போனார். அந்தச் சண்டையைப் பற்றி அக்கா பெருமையாகச் சொல்கிறார்.

அதற்குப் பிறகு அதே லயத்திலிருந்து மூன்று பெண்கள் என்னிடம் தனித்தனியாக வந்து, சேலையைச் சற்று விலக்கிக் காட்டினார்கள். ஒருவருக்குக் கவட்டுக்குக் கீழே வீக்கம். அவரை அந்த வாரமே அனுப்பிவிட்டோம்.

கிளிநொச்சித் தங்கையையும் ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்துவிட்டு, அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். வலை எதில் செய்தது, ஏன் அந்த வகை, திரும்ப வரும் சாத்தியம் எவ்வளவு, கிருமி பிடித்தால் என்ன செய்வார்கள், வெளியே வாங்க வேண்டுமா என்று நான் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மகளின் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகு அவளாகவே ஒரு கேள்வியைச் சேர்த்தாள். "அக்கா, இதையும் கேக்கலாமோ? கிணத்தில தண்ணி அள்ள என்னை எப்ப விடுவினம்?"